சொல் சேர்த்த கவேனா

வா, கண்மணி. பக்கத்தில் வந்து உட்கார்.

விஞ்ஞானி என்றதும் உனக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? வெள்ளைக் கோட்டு போட்டவர், கையில் சோதனைக் குழாய் வைத்திருப்பவர். அப்படித்தானே? தொலைநோக்கியில் வானத்தைப் பார்ப்பவரையும் சேர்த்துக்கொள் என்பாய். நீ நிறையப் படிக்கிற பிள்ளை ஆயிற்றே!

இன்று நான் சொல்லப்போகும் விஞ்ஞானியிடம் இந்தக் கருவிகள் எதுவும் இல்லை. காகிதமும் பென்சிலும் இருந்தன. கூர்மையான இரண்டு காதுகள் இருந்தன. சிலர் பூச்சிகளைச் சேகரிப்பார்கள். சிலர் கற்களைச் சேகரிப்பார்கள். இவர் சொற்களைச் சேகரித்தார்.

"சொல்லைச் சேர்ப்பது எப்படி அறிவியல் ஆகும்?" என்று கேட்கிறாயா? சபாஷ்! இப்படித்தான் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கையிலேயே வைத்துக்கொள். எரிமலைக்கும் சுறாமீனுக்கும் போகும்போது இதற்குப் பதில் கிடைக்கும்.

அவர் பெயர் மேரி கவேனா புக்குயி. ஊர் ஹவாய்.

உலகப் படத்தை எடு. நீலமாகப் பரந்து கிடக்கிறதே, பசிபிக் பெருங்கடல், அதன் நடுவில் விரலை வை. பொட்டுப் பொட்டாகத் தீவுகள் தெரிகின்றனவா? அவைதான் ஹவாய்த் தீவுகள். அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போக ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். அவ்வளவு தனிமையான இடம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாலினீசிய மக்கள் படகில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திசைகாட்டி கிடையாது. நட்சத்திரங்களையும் அலைகளையும் பறவைகளையும் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் பேசிய மொழிதான் ஹவாய் மொழியாக வளர்ந்தது.

ஹவாய்த் தீவுகளிலேயே பெரியதன் தென்கோடியில் க’ஊ என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. பெயரின் நடுவில் ஒரு குறி போட்டிருக்கிறேன் பார். அது அச்சுப்பிழை இல்லை. ஏன் போட்டேன் என்று பிறகு சொல்கிறேன். 1895 ஏப்ரல் 20 அன்று அந்த க’ஊவில் கவேனா பிறந்தார்.

அப்பா அமெரிக்காவிலிருந்து வந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றே ஒரு நகரம் உண்டு, அந்தச் சேலத்துக்காரர். அம்மா ஹவாய்ப் பெண். ஹவாயில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. மூத்த பிள்ளையைத் தாத்தா பாட்டி கேட்டு வாங்கி வளர்ப்பார்கள். பெண் குழந்தை என்றால் அம்மாவைப் பெற்றவர்களுக்கு உரிமை. அப்படித்தான் பாட்டி வந்து கேட்டார். அப்பாவும் சரி என்றார். குழந்தை பாட்டி வீட்டுக்குப் போனது.

அந்த வீட்டில் என்னென்ன இருந்தன தெரியுமா? மூலிகை மருத்துவம் இருந்தது. பிரசவம் பார்க்கும் அறிவு இருந்தது. பழைய பாட்டுகள், முன்னோர் கதைகள், ஹூலா நடனம் எல்லாம் இருந்தன. பாட்டி இளவயதில் ஹவாய் அரசி எம்மாவின் அவையில் ஹூலா ஆடியவர். எந்தச் செடி எதற்கு, எந்தக் காற்று எங்கிருந்து வரும், எந்த மீன் எப்போது கிடைக்கும் என்று பேத்தியின் காதில் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. எல்லாமே ஹவாய் மொழியில்.

குழந்தையின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அவ்வளவு நீளம். அதன் முதல் துண்டுதான் கவேனா. முழுப் பெயரும் வானத்தில் தெரியும் செந்நிற ஒளியையும் எரிமலைத் தெய்வமான பெலேயையும் நினைவூட்டும். க’ஊவில் இப்படிப் பெயர் வைத்ததில் ஆச்சரியமே இல்லை. மௌனா லோவா, கிலவேயா என்ற இரண்டு பெரிய எரிமலைகளின் சரிவில் இருக்கும் வட்டாரம் அது. கிலவேயா பொங்கினால் இரவில் வானம் சிவக்கும்.

ஆறு வயது வரை கவேனா பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி இறந்தபின் அம்மா அப்பாவிடம் வந்தார். இரண்டு மொழிகளும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆயின.

இப்போது ஒரு வருத்தமான செய்தி. ஆனாலும் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஹவாய் முன்பு தனி நாடு. அரசர்களும் அரசிகளும் ஆண்டார்கள். அந்த மக்களுக்கு எழுத்தும் படிப்பும் மிகவும் பிடிக்கும். 1834-இல் மவுயி தீவின் லஹைனாலுனா பள்ளியில் ஹவாய் மொழியின் முதல் செய்தித்தாள் அச்சானது. அதன்பின் 1948 வரை சுமார் 100 செய்தித்தாள்கள் வந்தன. மொத்தம் ஏறக்குறைய 1,25,000 பக்கங்கள்! சின்னஞ்சிறு தீவுகளில் இவ்வளவு எழுதினார்கள் என்றால் எவ்வளவு ஆர்வம் பார்!

1893-இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். 1896-இல் புதிய சட்டம் வந்தது. பள்ளிகளில் இனி ஆங்கிலத்தில்தான் பாடம் நடக்க வேண்டும் என்றது அது. அப்போது கவேனாவுக்கு ஒரு வயது. 1898-இல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

பள்ளியில் பாடம் நடத்தாவிட்டால் ஒரு மொழி மறைந்துவிடுமா? நன்றாக யோசித்துச் சொல். வீட்டில் பேசலாமே என்பாய். அங்கேதான் சிக்கல். பள்ளியில் ஹவாய் மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். கவேனாவும் தப்பவில்லை. ஆங்கிலம் புரியாத ஒரு மாணவிக்கு ஹவாய் மொழியில் சொல்லி உதவினார். அதற்குத் தண்டனை கிடைத்தது. இப்படி வளர்ந்த பிள்ளைகள் பெற்றோர் ஆனதும் என்ன நினைப்பார்கள்? நாம் பட்டது நம் குழந்தைக்கு வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். தாத்தாவுக்குத் தெரிந்த மொழி பேரனுக்குத் தெரியாமல் போகும். இரண்டு தலைமுறை போதும். புரிகிறதா?

தண்டனை கிடைத்தால் பயந்து விட்டுவிடுவதுதான் எளிது. கவேனா விடவில்லை. பதினைந்து வயது வாக்கிலேயே கதைகளையும் பழமொழிகளையும் கேட்டுக் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கிவிட்டார். உன்னைவிடச் சில வயதுதான் பெரியவர்! 1913-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. புக்குயி என்பது கணவர் வழியில் வந்த பெயர். 1923-இல் அவரும் லாரா கிரீன் என்பவரும் சேர்த்த கதைகளும் முதுமொழிகளும் புத்தகமாக வெளிவந்தன. பிறகு ஹொனலூலுவில் இருக்கும் பிஷப் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து 1961 வரை அங்கே உழைத்தார். பழைய கையெழுத்துப் பிரதிகளையும் செய்தித்தாள்களையும் ஆங்கிலத்தில் பெயர்ப்பது அவர் பணி. சாமுவேல் கமகாவு, ஜான் பாபா ஈஈ என்ற இரண்டு ஹவாய் வரலாற்று ஆசிரியர்களின் எழுத்து இன்று உலகம் முழுவதும் படிக்கக் கிடைக்கிறது. அதில் கவேனாவின் கைவண்ணம் பெரிது.

அவர் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. அதுதான் அகராதி.

சாமுவேல் எல்பர்ட் என்று ஒரு மொழியியலாளர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். கவேனாவிடம் ஹவாய் மொழி கற்றவர். இருவரும் சேர்ந்து ஹவாய் மொழிச் சொற்களையெல்லாம் தொகுத்து ஆங்கிலத்தில் பொருள் எழுதினார்கள். 1957-இல் அகராதி வெளிவந்தது.

அகராதி தயாரிப்பது எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? மேசை முன் உட்கார்ந்து தெரிந்த சொற்களை அகர வரிசையில் எழுதுவதா? அது போதாது. முதலில், பெரியவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். மீனவர் சொல்வது ஒன்று, விவசாயி சொல்வது ஒன்று. பழைய கதைகளையும் செய்தித்தாள்களையும் தேட வேண்டும். ஒரு சொல் எந்தெந்த இடத்தில் என்னென்ன பொருளில் வருகிறது என்று ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். கவனித்தல், குறித்தல், ஒப்பிடுதல், சரிபார்த்தல். உன் அறிவியல் பாடத்தின் முதல் பக்கத்திலும் இவைதானே இருக்கின்றன?

இப்போது அந்தக் குறிக்கு வருவோம். க’ஊவின் நடுவில் இருந்ததே!

கைக்குழந்தை எதையாவது தொடப்போனால் அம்மா எப்படித் தடுப்பார்? "அ! அ! தொடாதே!" என்பார். எங்கே, நீ சொல்லிப் பார். "அ! அ!" முதல் அகரத்துக்கும் அடுத்த அகரத்துக்கும் நடுவில் தொண்டை ஒரு கணம் மூடித் திறந்தது, கவனித்தாயா? தொண்டையில் விரலை வைத்து மறுபடி சொல். தெரிகிறதா?

அந்த அடைப்பு தமிழில் ஒரு எழுத்து ஆகவில்லை. ஹவாய் மொழியில் அது ஒரு மெய்யெழுத்தாகவே கணக்கில் சேரும். அதன் பெயர் ஓகினா. ஹவாய் மொழிக்கு ஐந்து உயிரெழுத்துகள், எட்டு மெய்யெழுத்துகள். மொத்தம் பதிமூன்றே எழுத்துகள். அந்த எட்டு மெய்களில் ஓகினாவும் ஒன்று.

உயிரெழுத்துகளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குறிலை நீட்டினால் பொருள் மாறிவிடும். உனக்கு இது பழகியதுதான். படம் வேறு, பாடம் வேறு. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் குழப்பம் வருவதில்லை. ஹவாய் மொழியை முதலில் அச்சிட்டவர்கள் 1820-இல் வந்த கிறிஸ்தவப் பாதிரிமார்கள். அவர்கள் ரோமன் எழுத்தைப் பயன்படுத்தினார்கள். பழைய புத்தகங்களில் நெடிலையும் ஓகினாவையும் பெரும்பாலும் குறிக்கவில்லை.

அதனால் என்ன ஆகும்? இதோ பார். பௌ என்றால் முடிந்தது என்று பொருள். ப’உ என்றால் புகைக்கரி. ப’ஊ என்றால் ஈரம். பா’ஊ என்றால் பெண்கள் உடுத்தும் பாவாடை. நான்கு சொற்கள்! பழைய அச்சில் இந்த நான்கும் ஒரே மாதிரி மூன்று எழுத்துகளாக நிற்கும். கேட்டுப் பழகியவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். கேட்டுப் பழகாத பேரப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பாவாடையா, புகைக்கரியா என்று விழிப்பான்.

கவேனாவுக்குக் கேட்டுத் தெரியும். பாட்டி வாயிலிருந்தே கேட்டவர். அதனால் ஒவ்வொரு சொல்லிலும் எங்கே நீட்ட வேண்டும், எங்கே தொண்டையை அடைக்க வேண்டும் என்று அந்த அகராதியில் குறிக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான சொற்களுக்கு இதைச் செய்தார்கள். எனக்கு இந்த வேலைமேல் தனி மதிப்பு உண்டு. காதில் மட்டும் இருந்த ஒன்றைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அகராதி திருத்தித் திருத்தி வளர்ந்தது. 1986-இல் வந்த பதிப்பில் ஏறக்குறைய 30,000 சொற்கள் இருக்கின்றன.

சரி, நீ கையில் வைத்திருக்கும் கேள்வியை இப்போது எடு. சொல்லுக்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு?

கவேனா பிறந்த மண்ணுக்கே போவோம். எரிமலையிலிருந்து வழியும் குழம்பின் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அது ஆறிப் பாறையாகும்போது இரண்டு விதமாக ஆகிறது. ஒன்று வழவழப்பாக, மடிப்பு மடிப்பாக, கயிறு திரித்ததுபோல் இருக்கும். வெறுங்காலோடு நடக்கலாம். மற்றது கரடுமுரடான துண்டுகளாக உடைந்து கிடக்கும். செருப்பையே கிழித்துவிடும். ஹவாய் மக்கள் முதல் வகையைப் பாஹொய்ஹொய் என்றார்கள். இரண்டாவதை அ’ஆ என்றார்கள்.

1880-களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் ஹவாய் எரிமலைகளை ஆராய வந்தார். இந்த இரண்டு சொற்களையும் தன் அறிக்கையில் அப்படியே எடுத்துக்கொண்டார். இன்று ஐஸ்லாந்திலும் இத்தாலியிலும் இருக்கும் எரிமலை விஞ்ஞானிகள்கூட இந்தச் சொற்களைத்தான் சொல்கிறார்கள்.

இதில் வியப்பு என்ன தெரியுமா? இரண்டும் ஒரே குழம்பிலிருந்து வரலாம். அவற்றில் இருக்கும் பொருள்களும் ஒன்றே. பிறகு ஏன் உருவம் வேறாகிறது? வீட்டில் பாகு காய்ச்சும்போது கவனித்திருப்பாய். பாகை மெல்ல ஊற்றி அசைக்காமல் ஆறவிட்டால் மேலே வழவழவென்று ஏடு படியும். ஆறும்போது கிளறிக்கொண்டே இருந்தால் மணல் மணலாகப் பூத்துவிடும். எரிமலைக் குழம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிதானமாக ஓடினால் மேல்தோல் மடிந்து பாஹொய்ஹொய் ஆகும். செங்குத்தான சரிவில் வேகமாகப் பாய்ந்தால் குழம்பு கலங்கும், வெப்பத்தை இழக்கும், உள்ளே படிகங்கள் பெருகும், கெட்டியாகும். மேற்பரப்பு பிய்ந்து பிய்ந்து அ’ஆ ஆகும். கெட்டியான குழம்பு மறுபடி இளகாது. அதனால் பாஹொய்ஹொய் போகும் வழியில் அ’ஆவாக மாறலாம். அ’ஆ மறுபடி பாஹொய்ஹொய் ஆவதில்லை.

நுண்ணோக்கியும் வெப்பமானியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கண்ணால் பார்த்துக் காலால் நடந்து இரண்டையும் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு கவனிப்பு இருக்கிறது. அந்தப் பெயர்களைச் சேர்ப்பவர் அந்தக் கவனிப்பையும் சேர்க்கிறார். இப்போது உன் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்ததா?

மீதிப் பாதிக்குக் கடலுக்குப் போவோம்.

கவேனா பழமொழிகளையும் சேர்த்தார் என்றேன் அல்லவா? மொத்தம் 2,942 பழமொழிகள். 1983-இல் பெரிய புத்தகமாக வந்தன. அவற்றில் ஒன்று விலிவிலி மரத்தையும் சுறாவையும் இணைத்துப் பேசுகிறது. அந்த மரம் பூத்தால் சுறா கடிக்கும் காலம் என்பது அதன் கருத்து.

விலிவிலி எப்படி இருக்கும்? நம் ஊர்க் கல்யாண முருங்கையைப் பார்த்திருக்கிறாயா? அதன் நெருங்கிய உறவு. ஒரே பேரினம். வறண்ட காட்டில் வளரும். கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு, கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது பூக்கும்.

மரம் பூப்பதற்கும் சுறா கடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? மலையோரத்தில் நிற்கும் மரம் எங்கே, கடலில் திரியும் மீன் எங்கே! இது வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறு.

விஞ்ஞானிகள் நூற்றுக்கும் மேற்பட்ட புலிச்சுறாக்களின் உடலில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். எந்தச் சுறா எங்கே போகிறது என்று ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. வளர்ந்த பெண் சுறாக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, இலையுதிர் காலத்தில் வடமேற்கிலுள்ள சிறு தீவுகளிலிருந்து மக்கள் வாழும் பெரிய தீவுகளுக்கு நீந்தி வருகின்றன. குட்டி போடத்தான் வருகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புலிச்சுறா முட்டையிடாது, குட்டி போடும். அந்தப் பருவத்தில்தான் சுறா மனிதரைக் கடிக்கும் நிகழ்ச்சிகளும் கொஞ்சம் கூடுகின்றன. மொத்தத்தில் அவை மிக அரிது, நீ பயப்பட வேண்டாம்.

பழமொழி சொன்ன காலமும் கருவி சொன்ன காலமும் ஒத்துப்போகின்றன!

இங்கே ஒரு முக்கியமான இடம். நன்றாகக் கேள். பூ பூத்ததால் சுறா வந்ததா? இல்லை. சுறா வந்ததால் பூ பூத்ததா? அதுவும் இல்லை. இரண்டும் ஒரே பருவத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். காலண்டர் தொங்கவிடாத ஊரில் மரம்தான் காலண்டர். "மரம் பூத்துவிட்டது, கடலில் இறங்கும்போது கவனமாக இரு" என்று பெரியவர்கள் பிள்ளைகளை எச்சரித்திருக்கிறார்கள். ஒன்றாக நடப்பது வேறு, ஒன்றால் மற்றது நடப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உனக்குள் பாதி விஞ்ஞானி வந்தாயிற்று.

மழையையும் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் வடகிழக்கிலிருந்து ஈரக் காற்று வீசுகிறது. மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் போனால் காற்றில் ஈரமே மிச்சம் இருக்காது. கவாயி தீவின் வையாலேயாலே மலையில் ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. நம் சென்னையில் ஏறக்குறைய 1,400 என்பதை நினைத்துப் பார். ஹவாய்ப் பெரிய தீவின் மேற்குக் கரையில் கவைஹாயே என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 250 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. சில மணி நேரப் பயணத்தில் வானிலையே மாறிவிடும் தீவுகள் அவை. அதனால் ஊருக்கு ஊர் மழைக்கும் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். ஹீலோ ஊரின் மெல்லிய மழைக்குக் கனிலெஹுவா என்று பெயர். இப்படி எத்தனையோ பெயர்கள் அகராதியில் இருக்கின்றன. ஊர்ப்பெயர்களுக்கென்றே கவேனாவும் எல்பர்ட்டும் எஸ்தர் மூகினியும் சேர்ந்து ஒரு தனிப் புத்தகம் எழுதினார்கள். 1974 பதிப்பில் 4,000 இடப்பெயர்கள் இருக்கின்றன.

சாப்பாட்டையும் விடவில்லை. சேப்பங்கிழங்கு உனக்குப் பிடிக்குமா? ஹவாய் மக்களின் முக்கிய உணவு அதுதான். அவர்கள் அதைக் கலோ என்பார்கள். முன்னோர் படகில் கொண்டுவந்து நட்ட செடி. வேகவைத்து, இடித்து, போயி என்ற கூழாக்கிச் சாப்பிடுவார்கள். பச்சையாகத் தொட்டால் கை அரிக்குமே, ஏன் தெரியுமா? அதனுள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நன்றாக வெந்தால்தான் அரிப்பு அடங்கும். தண்டின் நிறம், இலையின் வடிவம், எந்த மண்ணில் வளரும் என்றெல்லாம் பார்த்து நூற்றுக்கணக்கான கலோ வகைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

என்ன, தலை சுற்றுகிறதா? கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா. முடிக்கப்போகிறேன்.

1950-களிலும் 60-களிலும் ஒலிப்பதிவுக் கருவி கைக்கு வந்தது. கவேனா அருங்காட்சியகத்துத் தோழர்களோடு தீவு தீவாகப் போனார். முதியவர்களைத் தேடிப் பேசவைத்துப் பதிவு செய்தார். "இந்த ஊரில் மீன் பிடிப்பது எப்படி? இந்தப் பாறைக்கு என்ன கதை? சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள்?" என்று ஹவாய் மொழியிலேயே கேட்பார். அவர் ஹூலா அறிந்தவர், பாட்டுக் கட்டுபவர். 150-க்கும் மேற்பட்ட பாடல்கள் செய்தவர். அப்படிப்பட்ட ஒருவர் தங்கள் மொழியிலேயே வந்து கேட்டால் யார்தான் மனம் திறக்க மாட்டார்கள்? நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்கள் இன்றும் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் தனியாகவும் மற்றவர்களோடு சேர்ந்தும் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் ஐம்பதுக்கு மேல்.

1970-களில் ஹவாய் இளைஞர்கள் விழித்துக்கொண்டார்கள். எங்கள் மொழி எங்களுக்கு வேண்டும், பாட்டும் நடனமும் வேண்டும் என்றார்கள். கேட்டால் போதுமா? கற்றுக்கொள்ளப் புத்தகம் வேண்டாமா? இருந்தது. கவேனாவின் அகராதி அலமாரியில் தயாராக இருந்தது. 1978-இல் ஹவாய் மாநிலம் ஆங்கிலத்தோடு ஹவாய் மொழியையும் ஆட்சிமொழி ஆக்கியது.

ஆனாலும் 1980-களின் தொடக்கத்தில் நிலைமை மோசமாகவே இருந்தது. ஹவாய் மொழியைச் சரளமாகப் பேசும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று மதிப்பிட்டார்கள். உன் வகுப்பில் எத்தனை பேர்? அதுபோல ஒரு வகுப்பு, அவ்வளவுதான்! 1983-இல் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1984-இல் கவாயி தீவில் முதல் மழலைப் பள்ளியைத் திறந்தார்கள். அங்கே ஆங்கிலம் கிடையாது. பாட்டு, கதை, சாப்பாடு, சண்டை எல்லாம் ஹவாய் மொழியில்தான். 1986-இல், தொண்ணூறு ஆண்டுகளாக இருந்த அந்தப் பழைய சட்டத் தடையும் நீங்கியது. அதே ஆண்டு மே 21 அன்று கவேனா காலமானார். வயது 91.

அடுத்த ஆண்டே அரசுப் பள்ளிகள் இரண்டில் ஹவாய் மொழிவழி வகுப்புகள் தொடங்கின. உடனே ஒரு புதுச் சிக்கல் வந்தது. என்ன என்று ஊகித்துச் சொல் பார்க்கலாம். கணக்கும் அறிவியலும் நடத்தச் சொற்கள் வேண்டுமே! கவேனாவின் பாட்டி காலத்தில் கணினி ஏது? அதனால் புதுச் சொல் உருவாக்க ஒரு குழு அமைத்தார்கள். கணினிக்கு லொலொஉயிலா என்று பெயர் வைத்தார்கள். லொலொ என்றால் மூளை, உயிலா என்றால் மின்னல் அல்லது மின்சாரம். இரண்டு சொற்களும் பழைய அகராதியில் இருப்பவைதான். சேர்த்துவைத்தது மட்டும் புதிது. அப்படிச் சேர்ந்த புதுச் சொற்களுக்கு மாமக்கா கையாவோ என்று இன்னோர் அகராதியும் வந்துவிட்டது. ஹவாய்ப் பிள்ளைகளின் பள்ளி அலமாரிகளில் கவேனாவின் அகராதிக்குப் பக்கத்தில் இப்போது அதுவும் இருக்கிறது.